நீலக் கல்லின் உள்ளே: அகச்சிவப்பு ஒளி சொல்வதும் சொல்லாததும்

சப்ரகமுவையில் யாருக்காவது நீலமாக ஒரு கல் அகப்பட்டால், அது நீலமாணிக்கமாக இருக்குமோ என்றுதான் முதலில் மனம் போகும். அந்த ஆசையில் நியாயம் உண்டு. இரத்தினபுரியின் பெயரை உலகச் சந்தையில் நிறுத்தியதே அந்தக் கல்தான். ஆனால் இல்லம் எனப்படும் அதே மாணிக்கச் சரளைக்குள், இரசாயனத்தில் வேறு குலத்தைச் சேர்ந்த நீலக் கற்களும் கலந்து கிடக்கின்றன. நீலமாணிக்கம் அலுமினிய ஒட்சைட்டு; சிலிக்கன் அதன் கட்டமைப்பில் இல்லை. கோடியரைற்று, டுமோட்டியரைற்று, சபிரின், செரண்டிபைற்று ஆகிய நான்கும் சிலிக்கேற்றுகள். இவற்றில் கடைசியானது முதன்முதலில் கண்டறியப்பட்ட நாடே இலங்கைதான்.

கேகாலை மாவட்டத்தில் புளத்கொகுபிட்டிய, எட்டியாந்தோட்டை, தெரணியகல என்று தேயிலையும் இறப்பரும் மூடிய மலைகள், இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளுக்கு அண்டை நிலம். இந்த மலைகளின் பாறைகள் ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கொண்ட்வானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஆழத்தில் வெந்து உருமாறியவை. பின்னர் மழை அவற்றைக் கரைத்து, வன்மையான கனியங்களை மட்டும் ஆற்றுப் படுகைகளில் சேர்த்தது. அப்படிச் சேர்ந்த ஒரு நீலச் சிலிக்கேற்றை எடுத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் அகச்சிவப்பு நிறமாலை எவ்வளவு தூரம் பதில் தரும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

குமாரசுவாமியின் கல்

ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே நம்மில் பலர் அறிவர். அவருடைய முதல் தொழில் புவிச்சரிதவியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய அளவைக்குப் பணிப்பாளராக இருந்தவர் அவர். கண்டிக்கு அருகே அம்பகோட்டையை அடுத்த கங்கபிட்டியவில், சுண்ணாம்புக் கல்லும் சிலிக்கேற்றுப் பாறையும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் நீல நிறக் கனியம் ஒன்று கிடைத்தது. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஜோர்ஜ் பிரயரும் குமாரசுவாமியும் அதைப் புதிய போரன் சிலிக்கேற்று என்று 1903இல் அறிவித்தார்கள். இலங்கையின் பழைய அரபுப் பெயரான செரண்டிப் அதற்குச் சூட்டப்பட்டது.

அன்று அவர்களிடம் எக்ஸ் கதிர்க் கருவி கிடையாது. கல்லைத் தூளாக்கி, உருக்கி, கரைத்து, ஒவ்வொரு மூலகமாகப் பிரித்து நிறுத்துப் பார்க்கும் ஈர இரசாயனமே ஒரே வழி. இன்று ஏற்கப்படும் இலட்சிய அமைப்பில் கல்சியம் 4, மகனீசியம் 6, அலுமினியம் 9, சிலிக்கன் 6, போரன் 3, ஒட்சிசன் 40 அணுக்கள் உள்ளன. எடைக் கணக்கில் பார்த்தால் அலுமினிய ஒட்சைட்டு சுமார் 33 சதவீதம், சிலிக்கா 26, மகனீசிய ஒட்சைட்டு 17, கல்சிய ஒட்சைட்டு 16, போரன் ஒட்சைட்டு 7.5 சதவீதம் வரும். இயற்கையான கல்லில் இரும்பு சிறிதளவு புகுந்து மகனீசியத்தின் இடத்தையும் அலுமினியத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். சோடியமும் கொஞ்சம் சேரும்.

அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது 1974இல்தான் எக்ஸ் கதிர் ஆய்வால் தெளிந்தது. செரண்டிபைற்றும் சபிரினும் ஒரே கட்டமைப்புக் குடும்பம் என்பது அதிலிருந்து உறுதியாகி, 2008இல் அந்தக் குடும்பத்துக்குச் சபிரின் பெருங்குழு என்று பெயர் வகுக்கப்பட்டது. பட்டை தீட்டக்கூடிய தரத்தில் செரண்டிபைற்று இரத்தினபுரி மாவட்டத்தின் கொலொன்னைப் பகுதியில் கிடைத்தது 1990களில். அமெரிக்க இரத்தினவியல் சஞ்சிகை ஒன்றில் 2002இல் அதன் விரிவான விவரணை வெளியானது. பின்னர் பர்மாவின் மோகொக் பகுதியிலிருந்தும் இந்தக் கல் வந்தது. பெரும்பாலும் கறுப்பென்றே சொல்லத்தக்க இருண்ட கற்கள் அவை. நல்ல நீலத்துக்கு இன்றும் இலங்கைக் கல்லையே தேடுகிறார்கள்.

ஒளி எதைத் தொடுகிறது

அகச்சிவப்புக் கதிரை 1800இல் வில்லியம் ஹேர்ஷல் கண்டறிந்தார். கனியங்கள் அதை எப்படி உறிஞ்சுகின்றன என்று 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியம் கொப்லென்ற்ஸ் வரிசையாக அளந்து வெளியிட்டார். அடிப்படை எளிமையானது. கல்லுக்குள் அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகள் ஓயாமல் அதிர்கின்றன. தன் அதிர்வெண்ணோடு ஒத்த அகச்சிவப்பு ஒளி வந்தால் பிணைப்பு அதை விழுங்கிக்கொள்ளும். வீணையில் கம்பி தடித்தால் சுருதி இறங்கும், முறுக்கினால் ஏறும். பிணைப்பும் அவ்வாறே, கனத்த அணு சேர்ந்தால் அதிர்வெண் இறங்கும், பிணைப்பு வலுத்தால் ஏறும். ஒரு சென்ரிமீற்றரில் எத்தனை அலைகள் அடங்கும் என்ற எண்ணை அலையெண் என்கிறோம். இக்கட்டுரையில் வரும் 3689, 2348 போன்ற எண்கள் எல்லாம் அலையெண்களே.

சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த பிணைப்பு ஏறத்தாழ 850க்கும் 1200க்கும் இடையில் வலுவாக உறிஞ்சும். சிலிக்கன் நான்முகிகள் தனித்தனியாக நிற்கும் ஒலிவின் போன்ற கனியங்களில் உறிஞ்சல் அந்த வீச்சின் கீழ்ப்பக்கம் விழும். குவாட்சில் உள்ளதுபோல வலையாகக் கோர்த்திருந்தால் மேற்பக்கம் ஏறும். ஆகவே, கல் சிலிக்கேற்றா இல்லையா, சிலிக்கேற்று என்றால் எவ்வகைக் கோர்ப்பு என்ற இரண்டுக்கும் நிறமாலை உடனே விடை தந்துவிடும். இதன் அருமை தெரிய ஒரு பழைய கதை போதும். இலங்கையிலிருந்து போன மண்ணிறக் கற்கள் சில நெடுங்காலம் பெரிடொற் என்ற மகனீசியச் சிலிக்கேற்றாகவே அருங்காட்சியகங்களில் பெயரிடப்பட்டிருந்தன. 1952இல் எக்ஸ் கதிர் ஆய்வு அவற்றில் சிலிக்கனே இல்லை, அவை மகனீசிய அலுமினியப் போரேற்று என்று காட்டியது. சின்கலைற்று பிறந்தது அப்படித்தான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்லின் நீலம் அகச்சிவப்பில் தெரியாது. கோடியரைற்றில் நீலத்தைத் தருவது, அருகருகே இருக்கும் ஈரிணைதிற இரும்புக்கும் மூவிணைதிற இரும்புக்கும் இடையே இலத்திரன் தாவும் நிகழ்வு. அது கட்புலனாகும் ஒளியைத்தான் உறிஞ்சும். நிறத்துக்குக் காரணமான இரும்பைக் காட்டாத ஒரு முறையைக் கொண்டு நீலக் கல்லை ஆராய்கிறோம் என்பதை வாசகர் மனதில் வைத்திருப்பது நல்லது.

போரன் ஒளிந்துகொள்ளும் இடம்

செரண்டிபைற்றின் அடையாளமே போரன். அதை அகச்சிவப்பு காட்டுமா? போரன் மூன்று ஒட்சிசனோடு முக்கோணமாகப் பிணைந்திருந்தால் 1200க்கும் 1450க்கும் இடையில் உறிஞ்சும். சிலிக்கேற்றுகளில் வேறெதுவும் பெரிதாக உறிஞ்சாத வெளி அது. டுமோட்டியரைற்று என்ற இன்னொரு நீலப் போரன் சிலிக்கேற்றில் போரன் முக்கோணமாகவே இருப்பதால் அதன் நிறமாலையில் போரன் பளிச்சென்று தெரியும்.

செரண்டிபைற்றில் நிலைமை வேறு. அங்கே போரன் நான்கு ஒட்சிசனோடு நான்முகியாகச் சேர்ந்து, சிலிக்கனும் அலுமினியமும் இருக்க வேண்டிய இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறது. நான்முகிப் போரனின் உறிஞ்சல் 850 முதல் 1150 வரை வரும். சிலிக்கன் பிணைப்புகள் நெருக்கியடித்து நிற்கும் அதே வீச்சு. ஆகவே போரன் அந்த நெரிசலுக்குள் மறைந்துபோகிறது. போரனே இல்லாத சபிரினும் ஒத்த கட்டமைப்புக் கொண்டதால், நிறமாலையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முனைவது துணிச்சலான காரியம். 1903இல் உருக்கிக் கரைத்து நிறுத்த வேதியியலாளர் கண்ட போரனை, நூறு வருடம் கழித்தும் அகச்சிவப்புக் கருவி தனியாகக் காட்டத் தடுமாறுகிறது.

மூலகப் பகுப்புக்கும் இங்கே சங்கடம் உண்டு. இலத்திரன் கதிரைக் கல்லில் பாய்ச்சி மூலகங்களை எண்ணும் நுண்பகுப்புக் கருவி சிலிக்கன், அலுமினியம், கல்சியம், இரும்பு முதலியவற்றை நன்றாக அளக்கும். போரன் மிக இலேசான அணு. அதிலிருந்து வரும் எக்ஸ் கதிர் மிகவும் பலவீனமானது. ஆய்வுகூடங்களில் சாதாரணமாக உள்ள எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி போரனைக் காணவே காணாது. லேசரால் சிறு குழி பறித்து ஆவியைத் திணிவு நிறமாலைமானிக்கு அனுப்பும் முறை இன்று போரனுக்கு நம்பகமான ஒன்று.

ஒரே உள்ளடக்கம், இரண்டு கனியங்கள்

இதற்கு நேர்மாறான வழக்கு இந்தியாவின் பொக்காரோ நிலக்கரி வயலில் இருக்கிறது. அங்கே நிலக்கரிப் படை தீப்பற்றி எரிந்த வெப்பத்தில் பக்கத்து வண்டல்கள் உருகி மீண்டும் உறைந்தன. அதில் உண்டான கனியத்தின் இரசாயனம் அப்படியே கோடியரைற்று: மகனீசியம் 2, அலுமினியம் 4, சிலிக்கன் 5, ஒட்சிசன் 18. ஆனால் சமச்சீர் வேறு. 1954இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மியாஷிரோவும் ஈயாமாவும் அதை இந்தியலைற்று என்று தனிக் கனியமாக வைத்தார்கள்.

வித்தியாசம் எங்கே? கோடியரைற்றில் அலுமினியமும் சிலிக்கனும் தத்தம் இடங்களில் ஒழுங்காக அமர்ந்திருக்கின்றன. வேகமாக உறைந்த இந்தியலைற்றில் அவை இடம் மாறிக் கலந்து கிடக்கின்றன. எத்தனை தடவை மூலகப் பகுப்புச் செய்தாலும் இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். அகச்சிவப்பு நிறமாலையில் ஒழுங்கான கனியம் கூரிய உறிஞ்சல் பட்டைகளைத் தரும், கலந்தது அகன்று மழுங்கியவற்றைத் தரும். ஒழுங்கு எவ்வளவு என்று அளக்கவே அந்த அகலத்தைப் பயன்படுத்துகிறார்கள். பகுப்புக்குத் தெரியாதது இங்கே ஒளிக்குத் தெரிகிறது.

கோடியரைற்றின் சுரங்க வழிகள்

அகச்சிவப்பு முறை மிக அதிகமாக வாய் திறப்பது கோடியரைற்றிடம்தான். இரத்தினபுரிச் சரளையில் கிடைக்கும் இந்தக் கல்லை இந்திய வியாபாரிகள் நீலி என்பார்கள். பிரெஞ்சுப் புவிச்சரிதவியலாளர் கோடியே பெயரால் கனியவியல் அழைக்கிறது. திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் ஊதா நீலம், இன்னொரு பக்கம் வெளிர் நீலம், மூன்றாம் பக்கம் கிட்டத்தட்ட நிறமில்லாத மஞ்சள். வன்மை 7 முதல் 7.5, அடர்த்தி சுமார் 2.6. புரோமோபோம் திரவத்தில் போட்டால் மிதக்கும். அடர்த்தி 4 உள்ள நீலமாணிக்கம் அதே திரவத்தில் கல்லாய் இறங்கும். நீலி எது, நீலமாணிக்கம் எது என்று பார்க்க எந்த நிறமாலைமானியும் வேண்டாம்.

நிறமாலைமானி வேண்டுவது உள்ளே போக. கோடியரைற்றில் ஆறு நான்முகிகள் வளையமாகச் சேர்ந்து, வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கின் நடுவே நீளமான குழாய்கள் ஓடுகின்றன. கல் ஆழத்தில் உருவானபோது சுற்றியிருந்த நீரும் காபனீரொட்சைட்டும் அந்தக் குழாய்களில் சிக்கி இன்றுவரை அங்கேயே இருக்கின்றன.

0.1 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்த்து இரு பக்கமும் மெருகிட்ட ஒரு துண்டை, முனைவாக்கிய அகச்சிவப்பு ஒளியில் வைப்பதாகக் கொள்வோம். ஒளியின் அதிர்வுத் திசையைக் குழாயின் திசையோடு ஒத்து வைத்தால் 3689இல் கூர்மையான பட்டை எழும். திசையைச் செங்குத்தாகத் திருப்பினால் அது மறைந்துவிடும். நீர் மூலக்கூறின் இரண்டு ஐதரசனும் குழாயின் நெடுக்கில் நிற்கின்றன என்பதற்கு இதுவே சாட்சி. முதல் வகை நீர் என்று இதைக் கோல்ட்மன், ரொஸ்மன், டொலாஸ் மூவரும் 1977இல் வகுத்தார்கள். இரண்டாம் வகை நீரில் ஐதரசன்கள் குறுக்காகத் திரும்பியிருக்கும். அதன் பட்டைகள் 3632இலும் 3575இலும் வரும். ஏன் திரும்பின? வளையத்தின் நடுவில் ஒரு சோடியம் அயன் உட்கார்ந்திருக்கிறது. நீரின் ஒட்சிசன் முனை அதை நோக்கி இழுபடுகிறது.

இங்கேதான் நிறமாலையும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. பெக்மட்டைற்றுப் பாறையில் பிறந்த கோடியரைற்றில் பெரிலியம் புகுந்து அலுமினியத்தின் இடத்தைப் பிடிக்கும்போது மின்னேற்றம் குறையும். அந்தக் குறையை ஈடுசெய்யச் சோடியம் குழாய்க்குள் வரும். சோடியம் கூடினால் இரண்டாம் வகை நீரின் பட்டை உயரும். நுண்பகுப்புக் கருவி சோடியத்தை எண்ணிச் சொல்லும், ஒளி அந்தச் சோடியம் நீரை என்ன செய்தது என்று காட்டும்.

காபனீரொட்சைட்டு 2348இல் மிகக் கூர்மையான பட்டையைத் தரும். அந்த நீண்ட மூலக்கூறு குழாய்க்குக் குறுக்காகப் படுத்திருப்பதையும் முனைவாக்கமே காட்டிக்கொடுக்கிறது. அதன் சமச்சீரான நீட்சி அதிர்வு மட்டும் அகச்சிவப்புக்குப் புலப்படாது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1928இல் கண்ட சிதறல் முறையில் அது தெரியும். நல்ல ஆய்வுகூடங்களில் இரண்டு கருவியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இதனால்தான்.

பரங்கிமலையும் போகலவும்

குழாய்க்குள் சிக்கிய வாயுவால் என்ன பயன்? சென்னைப் பரங்கிமலைப் பாறைக்குப் புவிச்சரிதவியலாளர் ஹொலண்ட் சூட்டிய சார்ணொக்கைற்று என்ற பெயர் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுச் சொத்து. குருநாகலில் சாம்பல் நிறப் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்ணொக்கைற்று உருவாகிவருவதைக் கற்குழிகளில் காணலாம். அதை உண்டாக்கியது ஆழத்திலிருந்து வந்த காபனீரொட்சைட்டா, அல்லது பாறை உருகி நீர் வெளியேறியதா என்று பல பத்தாண்டுகளாக வாதம் நடக்கிறது. பாறையில் கோடியரைற்று இருந்தால் அது அந்தக் காலத்து வாயுவின் மாதிரியையே வைத்திருக்கும். சந்தோஷ், ஜாக்சன், ஹரிஸ் ஆகியோர் 1993இல் கோடியரைற்றுக் குழாய்களின் காபனீரொட்சைட்டில் காபன் சமதானிகளை அளந்து இந்த வாதத்துக்குச் சான்று சேர்த்தது இந்த அடிப்படையில்தான்.

கேகாலை மாவட்டக்காரருக்கு இது தூரத்து விஷயமில்லை. அந்த மாவட்டத்தின் போகல சுரங்கத்தில் வெட்டப்படும் காரீயம், பாறை வெடிப்புகளில் காபன் கொண்ட வெப்பப் பாய்மங்களிலிருந்து படிந்த நாளக் காரீயம். அதே ஆழத்துக் காபன் ஓரிடத்தில் கரிய நாளமாகவும் இன்னோரிடத்தில் நீலக் கல்லின் குழாயில் வாயுவாகவும் எஞ்சியது என்பது சோதிக்கத் தகுந்த கருத்து.

ஏமாறும் இடங்கள்

நிறமாலையை வாசிப்பவர் சறுக்கும் இடங்களும் உண்டு. பழைய முறையில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் கனியத் தூளைப் பொட்டாசியம் புரோமைட்டோடு அரைத்து வில்லையாக அழுத்துவார்கள். அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சும். சப்ரகமுவையின் மழைக்கால ஈரக்காற்றில் வில்லை செய்தால் 3430இலும் 1630இலும் நீர்ப் பட்டை தோன்றும்; அது கல்லின் நீர் அல்ல, காற்றின் நீர். தூளாக்கியதால் திசைத் தகவலும் போய்விடும். கல்லும் போய்விடும் என்பதை வியாபாரி சொல்லாமலே விடமாட்டார்.

அடுத்தது களிமண். கோடியரைற்று எளிதில் சிதைந்து மைக்காவாகவும் களியாகவும் மாறும். பெல்ஸ்பார் சிதைந்து வரும் கயோலினைற்றின் பட்டைகள் 3695இலும் 3620இலும் விழுகின்றன. கோடியரைற்றின் 3689க்கும் 3632க்கும் எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். வெடிப்பில் புகுந்த களியைக் குழாய் நீர் என்று கணக்கிட்டால் எல்லாமே பிழைக்கும். துண்டை ஒளியில் சுழற்றிப் பார்ப்பதே பரிகாரம்: குழாய் நீரின் பட்டை திசைக்கேற்ப எழுந்து அடங்கும், தாறுமாறாகக் கிடக்கும் களியின் பட்டை அப்படி அடங்காது.

அந்தக் களிப் பட்டைகள் வேறொரு காரணத்துக்காகவும் கேகாலை மாவட்டத்துக்கு முக்கியமானவை. 2016 மே மாத மழையில் அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் மண்சரிந்து உயிர்கள் போயின. புளத்கொகுபிட்டியவில் புதைந்தது தோட்டக் குடியிருப்பு. சரிவுகளின் மண்ணில் எந்தக் களி எவ்வளவு என்பது ஆபத்தை மதிப்பிடுவதில் ஒரு பகுதி. அதை அடையாளம் காணும் கருவிகளில் அகச்சிவப்பு நிறமாலைமானியும் ஒன்று. மாணிக்கத்துக்கு வாங்கிய கருவி மண்ணுக்கும் பேசும்.

மூன்றாவது, அளவு. பட்டையின் உயரம் செறிவையும் தடிப்பையும் பொறுத்தது. இரண்டையும் இணைக்கும் மாறிலி ஒவ்வொரு கனியத்துக்கும் வேறு. வேறொரு முறையால் நீரை அளந்து அந்த மாறிலியை நிறுவாதவரை, நிறமாலை ‘இருக்கிறது’ என்று சொல்லுமே ஒழிய ‘இவ்வளவு’ என்று சொல்லாது.

தீர்ப்பு

வியாபாரத்தில் அகச்சிவப்பு ஏற்கெனவே காலூன்றிவிட்டது. நீலமாணிக்கம் சூடேற்றப்பட்டதா என்று பார்க்கும் கூடங்கள் 3309இல் எழும் பட்டையைத் தேடுகின்றன. கெவுடா எனப்படும் பால் நிறக் கற்களை உயர் வெப்பத்தில் நீலமாக்கும் தொழில் 1970களில் பெருகியதிலிருந்து அந்தச் சான்றிதழுக்கு விலை உண்டு. நீலச் சிலிக்கேற்றுகளுக்கு அப்படிப் பெரிய சந்தை இல்லாததால் அவை கவனிப்பாரின்றிப் போகின்றன.

இதுவரை கண்டதை ஒன்றாக வைத்தால் முடிவு தெளிவு. அகச்சிவப்பு நிறமாலை பிணைப்பையும் ஒழுங்கையும் சிறைப்பட்ட நீரையும் வாயுவையும் சொல்லும். மூலகக் கணக்கைச் சொல்லாது, நிறத்தின் காரணத்தைச் சொல்லாது, நான்முகிப் போரனைத் தனியே காட்டாது. மூலகப் பகுப்பு கணக்கைச் சொல்லும். இந்தியலைற்றையும் கோடியரைற்றையும் பிரிக்காது. ஒன்றை மட்டும் நம்பி நீலச் சிலிக்கேற்றுக்குப் பெயர் வைப்பது பாதிச் சாட்சியத்தில் தீர்ப்பு எழுதுவதாகும்.

இரண்டு கருவியாலும் மீட்க முடியாத ஒரு தகவல் உண்டு: கல் எந்த ஊரின் எந்தக் குழியிலிருந்து வந்தது என்பது. செரண்டிபைற்றைப் பற்றி இன்று இவ்வளவு பேச முடிவது கங்கபிட்டிய என்ற பெயரைக் குமாரசுவாமியும் பிரயரும் தாளில் எழுதியதால். ஆகவே குழியில் நிற்பவருக்கும் அதை வாங்குபவருக்கும் சொல்வது இதுதான்: பெயர் தெரியாத நீலக் கல் கிடைத்தால், விற்பதற்கு முன் கிடைத்த இடத்தையும் படையின் ஆழத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கல்லோடு சேர்த்து வையுங்கள். மற்றதை ஆய்வுகூடம் பார்த்துக்கொள்ளும்.